தம்பிக்கும் ஆகிற பொம்மை

பொம்மைக்குக் கொடுத்த காசு தகுமா தகாதா என்பது வாங்கிய அன்று தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து, அதே வீட்டில் அடுத்த குழந்தை தவழ ஆரம்பிக்கும்போது தெரியும். பரணிலிருந்து இறக்கி, துடைத்து, தம்பியின் கையில் கொடுக்கிற நிலையில் அது இருக்கிறதா? அல்லது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டதா? கும்பகோணத்தில் குழந்தைகளுக்கான பொருள்கள் விற்கும் கடையை நெடுநாளாக நடத்திவருகிறேன். சரக்கு எடுக்கப் போகும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இது தம்பிக்கும் ஆகுமா?

கடைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாங்கிப் போனவர்கள் திரும்பி வருவார்கள். “அக்கா, அந்தக் கட்டை டப்பா இன்னும் அப்படியே இருக்கு, இவனுக்கு ஒரு பந்து மட்டும் கொடுங்க போதும்” என்று ஒரு தாய் சொன்னால் அன்றைக்கு எனக்கு வியாபாரம் குறைவுதான். ஆனாலும் நான் எடுத்த சரக்குக்கு அதைவிடப் பெரிய சான்று கிடையாது. எது நின்றது, எது நிற்கவில்லை என்று அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

நிற்காதவற்றில் முதல் வரிசை, பொத்தானை அமுக்கினால் தானே பாடி, தானே ஆடி, தானே விளக்கெரியும் பொம்மைகள். கடையில் குழந்தையை ஒரே நொடியில் இழுப்பவை இவைதான். கண்ணாடி அலமாரிக்குள் ஒன்று சுழன்றாலே போதும், குழந்தை அங்கிருந்து நகராது. ஆனால் அந்தப் பொம்மைக்குத் தெரிந்தது ஒரு பாட்டும் ஒரு ஆட்டமும்தான். குழந்தை அதை நாலைந்து நாளில் முழுவதும் தெரிந்துகொண்டுவிடுகிறது. அதன்பின் குழந்தை செய்வதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. ஒரு மரக்கட்டை இன்றைக்கு வீடாகிறது, நாளைக்கு பஸ், மறுநாள் அம்மாவின் கைப்பேசி. குழந்தைக்கு வேலை வைக்கிற பொருள்தான் நாள்பட நிற்கிறது. கடையில் எது குழந்தையை இழுக்கிறது என்பதை வைத்து வாங்காமல், வீட்டில் எதன் பக்கத்தில் அது நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனித்துவிட்டு வந்து வாங்குங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன். அரிசி டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிற பிள்ளைக்கு, மூடி திறக்கும் டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற செட் போதும். விலையும் குறைவு.

வாங்கும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்து காட்ட மாட்டேன் என்று சொல்லும் கடையில் குழந்தைப் பொருள் வாங்க வேண்டாம். பெரிய பெட்டிக்குள் பாதிக்கு மேல் அட்டையும் காற்றும்தான் இருக்கும். அந்த அட்டைக்கும் காற்றுக்கும் சேர்த்துத்தான் விலை.

பொருளை வெளியே எடுத்ததும் கடைக்காரரைப் பேசவிடாமல் முதலில் கையால் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் அச்சு இரண்டும் சேரும் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். பிசிறு இருந்தால் அது குழந்தையின் உதட்டைக் கிழிக்கும். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்திய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தால் சீக்கிரம் உடையும் பொருள். உடைந்தால் முனை கத்தி மாதிரி இருக்கும். முகர்ந்து பாருங்கள். மெத்தென்ற ரப்பர் வாத்து, பொம்மையின் கை கால், நீச்சல் வளையம் இவற்றில் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் வைத்துவிடுங்கள். கெட்டியான பி.வி.சி. பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கக் கலக்கும் தாலேட் ரசாயனங்களுக்குப் பொம்மைகளுக்கான இந்தியத் தரக்குறிப்பில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த ரசாயனத்துக்கே வாசனை தெரியாது, உண்மைதான். ஆனால் நெடியைக்கூடச் சரிசெய்யாமல் அனுப்பியவர் மற்றதைச் சரிபார்த்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பிறகு திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுவேன். திருகாணி போட்டு மூடியிருக்கிறார்களா, அல்லது ஒட்டியே விட்டார்களா? திருகாணி இருந்தால் திறக்கலாம். திறக்க முடிந்தால், அறுந்த ஒயரைப் பற்றவைக்கலாம், கழன்ற பல்சக்கரத்தை மாட்டலாம். எங்கள் தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் சின்னத் தொகைக்கு எத்தனையோ கார்களையும் ரயில்களையும் பிழைக்க வைத்திருக்கிறார். ஒட்டி மூடிய பொம்மையைக் கொண்டுபோனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. தம்பி வரை நிற்க வேண்டிய பொம்மைக்கு அடிப்பக்கத்தில் திருகாணி இருக்க வேண்டும். பேட்டரி மூடிக்கும் அதுவே விதி. அதைக் காரணத்தோடு கீழே சொல்கிறேன்.

அடுத்தது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு, பின்னால் சொல்லும் விலக்குகள் தவிர, 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். முத்திரைக்கு மேல் ஐ.எஸ். 9873 என்ற எண் இருக்கும். மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடுவது என்றால் ஐ.எஸ். 15644. முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். எண் இல்லாத முத்திரை வெறும் படம். ‘சி.இ.’ என்று ஆங்கில எழுத்து அச்சிட்டிருப்பதைக் காட்டி “இது வெளிநாட்டுத் தரம்” என்று விற்பவர்கள் உண்டு. இங்கே சட்டம் கேட்பது அதை இல்லை.

இந்தச் சோதனையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வீட்டிலும் அதே கண்ணோடு பார்க்கலாம். பொம்மையைக் கீழே போடுகிறார்கள், கண்ணையும் மூக்கையும் சக்கரத்தையும் முறுக்குகிறார்கள், இழுக்கிறார்கள். பூச்சிலிருந்து ஈயம், காட்மியம், பாதரசம் உட்பட எட்டுத் தனிமங்கள் எவ்வளவு கரைந்து வருகின்றன என்று அளக்கிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பொம்மை என்றால், கழன்று வந்த துண்டை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளைக்குள் போட்டுப் பார்க்கிறார்கள். ஏதாவது ஒரு பக்கமாகத் திருப்பியாவது துண்டு முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டால் அது குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது. பழைய கேமரா ஃபிலிம் சுருள் வந்த சிறு டப்பா ஏறத்தாழ இந்த அகலம்தான். ஒன்றைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ‘3+’ என்று பெட்டியில் போட்டிருப்பதை “என் பிள்ளை கெட்டிக்காரன், இரண்டு வயதிலேயே விளையாடுவான்” என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் பல நேரம் அறிவைப் பற்றியது இல்லை, தொண்டையைப் பற்றியது. மேலும் அக்காவின் பொம்மைப் பெட்டியில்தான் தம்பியும் கை விடுவான். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் சின்னவனின் வயதுக்கே வாங்குங்கள். பெரியவளின் மணிகளும் சிறு கட்டைகளும் மூடி போட்ட டப்பாவில், எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பட்டன் பேட்டரி பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும் நாணயம் போன்ற லித்தியம் பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அந்தப் பெயரே அதன் அளவுதான். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கும். ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மிச்சம் இருக்கும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, திருவிழாவில் விற்கும் விளக்கெரியும் மோதிரம், சிறிய ரிமோட், எடைக்கருவி எல்லாவற்றிலும் இது இருக்கிறது. மூடியை நகத்தால் திறக்க முடிந்தால் அந்தப் பொருளை நான் கடைக்குள் ஏற்றுவதில்லை. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘மலத்தோடு வந்துவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. வலுவான சிறு காந்த உருண்டைகளும் இதே வகைதான். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் பிடித்துக்கொண்டு ஒட்டி, குடலையே துளைத்துவிடும். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் வண்ண ஜெல் உருண்டைகள் வயிற்றுக்குள்ளும் ஊதும். காற்றுப் போன பலூன் துண்டு மூச்சுக்குழாயை மூடும். இந்த நான்கும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

மரப் பொம்மைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த அலமாரி அது.

அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்பும் கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்துப் பொம்மையும் ஒரே குடும்பம். கடைசல் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கிறார்கள். சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு மரமாகப் பிடித்துக்கொள்கிறது. சென்னப்பட்டணத்தில் அதன்மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அங்கே வழக்கமாக எடுக்கும் மரம் வெட்பாலை. வெளுத்த, நெருக்கமான, சிலும்பாத மரம். நல்ல கடைசல் பொருளைக் கையில் உருட்டினால் எங்கேயும் தடுக்காது, தூரிகை ஓடிய தடம் இருக்காது. தடம் தெரிந்தால் அது எனாமல் பெயிண்ட் அடித்தது. அடித்த பெயிண்ட் ஒருநாள் செதிலாக உரியும், உரிந்ததைக் குழந்தை தின்னும். அரக்கு அப்படி உரிவதில்லை. ஆனால் சூட்டுக்கு இளகும். அதனால் கடைசல் சொப்பை வெந்நீரில் போடக் கூடாது, மொட்டைமாடி வெயிலில் காயவைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து நிழலில் வைத்தால் போதும், தம்பிக்கு மட்டுமில்லை, அவன் பிள்ளைக்கும் ஆகும்.

கைவினைஞர்களாகப் பதிவு செய்தவர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் ஐ.எஸ்.ஐ. கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் பிழைப்புக்கு அது தேவையான விலக்கு, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அங்கே முத்திரைக்குப் பதில் நம் கண்ணும் கேள்வியும்தான் வேலை செய்ய வேண்டும். “அரக்கா, பெயிண்டா? என்ன சாயம்?” என்று கேளுங்கள். விற்பவர் செய்தவரை அறிந்தவர் என்றால் தெளிவாகப் பதில் சொல்வார். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து நிறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் வாயில் வைக்கும் வயதுக்கு வேண்டாம். ஒட்டவில்லை என்பதாலேயே ஈயம் இல்லை என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை புவிசார் குறியீடு பெற்றது, எனக்கு உயிர். ஆனால் அதை ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் கொலுவுக்கும்தான் கொடுப்பேன். பல் முளைக்கிற குழந்தையின் வாய்க்கு அந்த வண்ணம் செய்யப்படவில்லை.

விலை மலிந்த ‘மரப் பொம்மை’ பலவும் மரமே இல்லை. ஓரத்தைப் பாருங்கள். ரேகையே இல்லாமல் பழுப்பாக, பஞ்சு அமுக்கியதுபோல இருந்தால் அது எம்.டி.எஃப்., மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. எழுத்துப் பலகைகளும் விலங்கு வெட்டுகளும் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. ஒருமுறை நனைந்தால் ஊதி, படம் உரிந்து, துண்டு பள்ளத்துக்குள் பொருந்தாமல் போகும். நான்கு வயதுக்கு மேல், நனைக்காமல் வைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்குப் பரவாயில்லை. கடித்துச் சப்புகிற குழந்தைக்கு வேண்டாம். அதற்குப் பூச்சே இல்லாத வேப்பமரக் கிலுகிலுப்பையோ ரப்பர் மரக் கட்டையோ மேல். பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டித்தான் இந்தக் கட்டைகள் செய்கிறார்கள். கெட்டியான மரம், விலையும் கைக்கு அடக்கம்.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்று சொல்பவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது அடுக்குக் கட்டைதான். அதிலும் எண்ணிக்கை முக்கியம். பன்னிரண்டு கட்டையில் ஒரு கோபுரம் கட்டினால் முடிந்துவிடும். ஐம்பதுக்கு மேல் இருந்தால் ஊரே கட்டலாம். வண்ணம் அடித்த பன்னிரண்டின் விலைக்கு வண்ணம் அடிக்காத ஐம்பது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதை எடுங்கள். அளவுகள் ஒன்றுக்கொன்று கணக்காக இருக்க வேண்டும். இரண்டு அரைக்கட்டை சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை நீளம் சரியாக வர வேண்டும். கடையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் தட்டுப்படக் கூடாது. அளவு பிசகிய கட்டையில் கோபுரம் நிற்காது. குழந்தை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடும். குழந்தைக்கு அப்படி ஒரு பொய்யைச் சொல்லும் பொருளை நான் விற்க விரும்பவில்லை. ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டை என்றால் இரண்டு வெவ்வேறு பெட்டியிலிருந்து ஒவ்வொன்று எடுத்து மாட்டி உலுக்கிப் பாருங்கள். விழக் கூடாது, கழற்றக் குழந்தையின் பல் தேவைப்படவும் கூடாது. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டை இன்றைக்கு வாங்கும் கட்டையோடும் பொருந்துகிறது. அவர்கள் வாங்கும் விலைக்கு அந்தத் துல்லியம்தான் நியாயம். அதே துல்லியத்தோடு குறைந்த விலையில் இங்கே செய்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டி உலுக்கினால் கண்டுபிடித்துவிடலாம்.

நடைவண்டியை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நடுவில் குழந்தையை உட்கார வைத்து, சுற்றிலும் சக்கரம் ஓடும் பிளாஸ்டிக் வாக்கரைக் கேட்டு வருபவர்கள் நிறைய. கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தன் நாட்டிலும் தடை வேண்டும் என்று கேட்டுவருகிறது. படியில் உருண்டு விழுவதும், எட்டாத அடுப்பை எட்டிவிடுவதும்தான் காரணம். நடக்கவும் அது கற்றுத்தருவதில்லை. நம் மர நடைவண்டியில் குழந்தை தன் காலில் நிற்கிறது, தன் பலத்தில் தள்ளுகிறது, களைத்தால் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் எல்லா நடைவண்டியும் ஒன்றில்லை. கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்துக் கீழே அழுத்துங்கள், முன்சக்கரம் சட்டென்று தூக்கினால் வேண்டாம். குழந்தை எழுந்து நிற்க அதைத்தான் பிடித்து இழுக்கும். சக்கரம் கொஞ்சம் இறுக்கமாக உருள வேண்டும், வழவழவென்று ஓடினால் வண்டி முன்னால் போய் குழந்தை முகம் குப்புற விழும். கைப்பிடி குழந்தையின் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வர வேண்டும். ஆணித் தலை வெளியே நீட்டியிருக்கிறதா, சிலாம்பு இருக்கிறதா என்று முழுவதும் தடவிப் பாருங்கள். சிலாம்பு இருந்தால் உப்புத்தாள் வாங்கித் தேய்த்துக்கொள்ளலாம், அது ஒரு குறையில்லை. காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கன்று பிள்ளைகள் இழுத்துப்போகும் சப்பரத்துக்கும் இதே சோதனைதான். நடைவண்டி பழசானால் அதில் கயிற்றைக் கட்டிச் சப்பரமாக இழுக்கிற பிள்ளைகள் உண்டு.

பழசு என்றதும் ஒரு எச்சரிக்கை. எல்லாப் பழசும் தம்பிக்கு ஆகாது. வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு எனாமல் அடித்த தொட்டில், நடைவண்டி, ஆடுகுதிரை ஏதாவது பரணில் இருந்து, பெயிண்டும் உரிந்திருந்தால் அதைக் குழந்தைக்கு இறக்காதீர்கள். வீட்டிலேயே உரசி எடுக்கவும் முயலாதீர்கள், தூள் இன்னும் கெடுதல். பாட்டி வைத்திருக்கும் பல்லாங்குழியைத் தாராளமாக இறக்குங்கள், பதினான்கு குழியில் எண்ணிக்கை கற்றுக்கொள்வது பெரிய செல்வம். ஆனால் அதோடு வரும் காய்களைப் பாருங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியாக இருந்தால் எடுத்துவிடுங்கள். அதன் பருப்பு கொடிய விஷம், மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சோழியோ புளியங்கொட்டையோ போதும், அதுவும் வாயில் போடும் வயது தாண்டிய பிள்ளைகளுக்கு.

தினப்படிப் பொருள்களில் இந்தக் கணக்கு மாறும். சட்டையை அண்ணனிடமிருந்து எடுத்துப் போடலாம், இன்னும் நல்லது. பலமுறை துவைத்த பருத்தி புதுசைவிட மெத்தென்று இருக்கும். நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் ஏந்துவதும், பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டுவதும் இதனால்தான். புதிது வாங்கினால் திருப்பூர்ப் பனியன் துணியில், தோளில் மடிப்பு வைத்துக் கழுத்து விரியும் தினுசு எடுங்கள். தலை வழியாக மாட்டும்போது குழந்தை அழாது, வளர வளர இரண்டு மாதம் கூடவும் வரும். கழுத்தில் நாடா தொங்கும் சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், ஊஞ்சலிலும் கதவிலும் மாட்டிக்கொள்ளும். செருப்பும் ஷூவும் மட்டும் அண்ணனுடையது வேண்டாம். அடித்தட்டு அவன் நடைக்குத் தேய்ந்திருக்கும், தம்பியின் கால் அந்தத் தேய்மானத்துக்குள் போய் உட்காரும். சாயங்காலம் கடைக்கு வாருங்கள், பகலெல்லாம் ஓடிய கால் கொஞ்சம் பெருத்திருக்கும். நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு எடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஆகட்டும் என்று பெரிய அளவு எடுப்பதில் மிச்சம் ஒன்றுமில்லை. தடுக்கி விழுகிறான், ஷூவும் மடங்கிக் கெடுகிறது.

தண்ணீர்ப் புட்டிக்கு எஃகுதான் என் தீர்ப்பு. காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் நல்ல எஃகு என்று பலர் நம்புகிறார்கள். மலிவான 202 தர எஃகிலும் காந்தம் ஒட்டாது. எனவே அந்தச் சோதனை உயர்ந்த 304 தரத்தையும் 202-ஐயும் பிரித்துக் காட்டாது. அடியில் 304 என்று பொறித்திருக்கிறதா, பில்லில் எழுதித் தருகிறார்களா என்று கேளுங்கள். பிறகு மூடியைப் பாருங்கள். புட்டி பத்து வருடம் நிற்கும், மூடியின் ரப்பர் வளையம் நிற்காது. வளையம் தனியாகக் கிடைக்காத புட்டி, உறிஞ்சுகுழல் உள்ளுக்குள் மடங்கி, பிரஷ் நுழையாத புட்டி இரண்டும் சீக்கிரம் நாற்றமெடுத்துத் தூரப் போகும். பார்வைக்குச் சாதாரணமாக, வாய் அகலமாக, இரண்டே துண்டாகக் கழலுவதுதான் நல்ல புட்டி. டிபன் பாக்ஸுக்கும் இதுவே. குழந்தை தானே திறக்க முடிகிறதா என்று கடையிலேயே அதன் கையில் கொடுத்துப் பாருங்கள். திறக்க முடியாத டப்பாவில் சாப்பாடு அப்படியே திரும்பி வரும்.

பால்புட்டியைப் பொறுத்தவரை நான் யாரையும் வாங்கச் சொல்வதில்லை. விளம்பரம் செய்யவும் கூடாது, 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பால்புட்டியையும் தாய்ப்பாலுக்கு மாற்றான மாவையும் விளம்பரப்படுத்துவதைத் தடுக்கிறது. மருத்துவர் சொல்லி, தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டியிருந்தால் சங்கு போன்ற பாலாடைக் கிண்ணம் இருக்கிறது. ஒரு எஃகுப் பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் வீட்டில் பிறக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் அது ஒன்றே போதும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் புட்டி அடுத்த குழந்தைக்குக் கூடவே கூடாது.

புத்தகப்பையில் படம் பார்க்காமல் தோள்பட்டையைப் பாருங்கள். பட்டை பையோடு சேரும் இடத்தில் ஒற்றைத் தையலா, பெருக்கல் குறிபோலக் குறுக்குத் தையலா? ஒற்றைத் தையல் அரையாண்டுத் தேர்வுக்குள் பிரியும். வெறும் பையைத் தூக்கிப் பாருங்கள். பையும் புத்தகமும் சேர்ந்து குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. இருபது கிலோப் பிள்ளைக்கு இரண்டு கிலோதான். வெறும் பையே ஒரு கிலோ இருந்தால் புத்தகத்துக்கு எங்கே இடம்? சினிமா, கார்ட்டூன் படம் போட்ட பைக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் இன்னொரு நஷ்டம், அடுத்த வருடம் அந்தப் படம் பிள்ளைக்குப் பிடிக்காது. வெறும் நீலப் பையில் பிள்ளையே ஒரு துணிப்பூ தைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாகப் பிறந்தநாள் பரிசு. வீட்டுக்கு வந்து சேரும் பொம்மைகளில் பெரும்பகுதி பெற்றோர் வாங்கியது இல்லை, பரிசாக வந்தது. கொடுப்பவர் பெட்டியின் அகலத்தைப் பார்த்து எடுக்கிறார், ஒரே மாதிரிக் கார் மூன்று வருகிறது. வாங்கும் முன் அந்தத் தாய்க்கு ஒரு போன் போட்டு, வீட்டில் என்ன இருக்கிறது, தம்பி தங்கைக்கு என்ன வயது என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கட்டை இருக்கும் வீட்டுக்கு அதே அளவில் இன்னொரு டப்பா கட்டை கொடுத்தால் பழசுக்கும் உயிர் வரும். நூறு ரூபாய்தான் முடியும் என்றால் நல்ல பந்து, கயிறு, பம்பரம், ஒரு கட்டு வெள்ளைத்தாளும் மெழுகுக் கிரையானும், இவற்றில் ஏதாவது ஒன்று கொடுங்கள், தயங்க வேண்டாம். வண்ணக் காகிதத்தில் சுற்றும் முன் விலையை மட்டும் மறைத்து, பில்லையும் உள்ளே வையுங்கள். உடையாத பொருளும் பில்லும் இருந்தால், குழந்தைக்கு ஏற்ற வேறொன்றாக மாற்றித் தர எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் தயாராகத்தான் இருக்கிறோம்.